நெத்திலியா, காரப்பொடியா?

போன ஞாயிறு காசிமேட்டில் இரண்டு கூறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று நெத்திலி, இன்னொன்று காரப்பொடி. தெற்கே காரல் என்பார்களே, அதேதான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. என் கை நெத்திலிப் பக்கம் போவதைப் பார்த்த மீன்கார அக்கா, "இன்னா தம்பி, காரப்பொடி ஆய பயமா கீதா?" என்று சிரித்தார். ஆமாம், அதுதான் விஷயம்.

ருசியில் இரண்டும் சளைத்ததல்ல. வறுக்க நெத்திலி, குழம்புக்குக் காரப்பொடி என்பது ஊரறிந்தது.

ஆனால் ஆய உட்காரும்போது தெரியும் சேதி. நெத்திலிக்குக் கத்தி வேண்டாம். செவுளுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்துக் கிள்ளி இழுத்தால், தலையோடு குடலும் நூல் மாதிரி வந்துவிடும். செதில் தண்ணீரில் அலசும்போதே போய்விடும். அரைக் கிலோ இருபது நிமிடம். காரப்பொடிக்கு முதலில் கல் உப்பு போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். பிறகு தலை, வயிறு, துடுப்பு என்று ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். முதுகு முள் பூட்டுப் போட்டதுபோல் நிமிர்ந்து நிற்கும், அமுக்கினால் மடங்காது. குத்திய இடத்தில் உப்பு பட்டால் காந்தும் பாருங்கள்! அரைக் கிலோவுக்கு எனக்கு ஒரு மணி நேரம் போனது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நெத்திலி கரையோரக் கடலில் கூட்டமாகத் திரிந்து மிதவை உயிரிகளைத் தின்னும் மீன். வெயிலில் வைத்தால் வயிறு சீக்கிரம் வெடித்துவிடும். வாங்கினால் நேராக வீடுதான், நடுவில் டீக்கடை கிடையாது.

காரப்பொடி ஆழம் குறைந்த சேற்றுத் தரையை ஒட்டி வாழ்வது, கழிமுகத்துக்குள்ளும் வரும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய்போல் நீளும். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உள்ளே விளக்கோடு திரிந்த மீனைத்தான் புளியில் கொதிக்கவிடுகிறோம்.

கருவாட்டுக்கு எது என்று கேட்டால் அழுத்திச் சொல்ல மாட்டேன். காரப்பொடிக் கருவாடு ஒரே ஒரு முறைதான் சமைத்திருக்கிறேன், அதிலும் உப்பு தூக்கல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாளும் ஃபைபர் படகு கொண்டுவருவதில் எனக்கு நெத்திலி கிடைத்தால் போதும். அம்மா ஊரிலிருந்து வந்தால் மட்டும் காரப்பொடி. அவர் அருவாமனையில் உட்காருவார், நான் கல் உப்பு எடுத்துக் கொடுப்பேன்.