றோயலா, பம்பலப்பிட்டி இந்துவா?

தங்கையின் மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டான். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலைக்கு மாறலாம். கொழும்பில் றோயல் கல்லூரியா, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியா என்று இப்போது வீட்டில் எந்நேரமும் இதே பேச்சுத்தான்.

இரண்டும் அரச பாடசாலைகள், இரண்டிலும் தமிழில் படிக்கலாம். ஆனால் வரலாறு வேறு. றோயல் 1835இல் ஒரு பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளி. அடுத்த வருடமே அரசு அதைப் பொறுப்பேற்று 'கொழும்பு அக்கடமி' ஆக்கியது. 1881இல்தான் றோயல் என்று பெயர் வந்தது. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் படித்த இடம். மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் விளையாடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சிங்களம் தானாக நாக்கில் ஏறிவிடும். துடுப்புப் படகோட்டம் வரைக்கும் பழகலாம்.

இந்துக் கல்லூரி 1951இல் பிறந்தது, வயதில் இளையது. ஆனால் அங்கே தமிழ் ஒரு பிரிவு அல்ல, பாடசாலையே தமிழ். காலைக் கூட்டத்தில் தேவாரம், நெற்றியில் திருநீறு, வாணி விழா. விவாதத்துக்கோ நாடகத்துக்கோ மேடை ஏறும் பிள்ளை தன் மொழியிலேயே வளர்கிறான்.

சரி, பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் படிப்பு? மருத்துவமோ பொறியியலோ என்றால் இரண்டு இடத்திலும் பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றுதான். 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவில் நாட்டம் இருந்தால், ஆய்வுகூடத்தையும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள்.

கூச்சமுள்ள எங்கள் பிள்ளைக்கு நான் இந்துவைத்தான் சொல்வேன். தங்கைக்கு இன்னும் றோயல்தான் ஆசை.