கிண்ணம் கடைய எட்டு உளி செட் வேண்டாம், ஒரு நல்ல போல் கௌஜ் போதும்

கடலூரில் கிண்ணம் கடைய மரத்துக்குப் பஞ்சமே கிடையாது. பண்ருட்டிப் பலா, பூவரசு, காற்றில் சாய்ந்த வேம்பு எல்லாம் கிடைக்கும். பஞ்சம் உளிக்குத்தான். கடையில் கடைசல் உளி கேட்டால் கட்டில் கால் கடைகிற தட்டை உளியைத்தான் எடுத்து நீட்டுவார்கள், குழிவாகக் கிண்ணம் கடைய அது உதவாது. அதனால்தான் ஆன்லைனில் எட்டு உளி அடங்கிய செட் ஒன்று வாங்கினேன், அது சரிப்படாமல் அரை அங்குல போல் கௌஜ் (bowl gouge, கிண்ணம் கடைவதற்கென்றே செய்த குழிவான உளி) ஒன்றைத் தனியாக வாங்கினேன்.

செட்டைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டியில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூட்டிலும் கடினம் போகாத எஃகு) என்று அச்சடித்திருந்தது. கிரைண்டரில் வைத்தால் வெள்ளை வெளேரென்று நட்சத்திரமாய்ப் பொறி வெடித்தது, அது சாதாரண கார்பன் ஸ்டீலின் பொறி. நிஜமான எச்எஸ்எஸ் மங்கிய சிவப்பில் அடக்கமாகத்தான் பொறி விடும். கார்பன் ஸ்டீல் தீட்டும்போது நீலம் பாரித்துவிட்டால் கடினம் போச்சு, அப்புறம் பலாவில் ரெண்டு இழுப்பிலேயே மழுங்கும். அதைவிட மோசம், அந்தச் செட்டில் இருக்கிற அகலமான ரஃபிங் கௌஜ், அதாவது முதல் முரட்டுக் கடைசலுக்கான உளி. கைப்பிடிக்குள் போகிற வால் மெல்லிசாக இருக்கும். அது கால், தூண் கடைய மட்டுமே, கிண்ணத்தில் வைக்கவே கூடாது. கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை குறுக்குவெட்டு முகம் எதிரே வந்து மோதும், மாட்டிக்கொண்டால் வால் ஒடிந்து உளி முகத்துக்கு வரும்.

போல் கௌஜ் அப்படியில்லை. உருண்டைக் கம்பியிலேயே ஆழமாகக் குழி கடைந்தது, கைப்பிடிக்குள்ளும் அதே பருமன்தான் போகிறது. முனையின் தீட்டிய சரிவை மரத்தில் உரசவிட்டுக் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் ஈரப் பலாவிலிருந்து மஞ்சள் நாடா நாடாவாகச் சுருள் கிளம்பி முழங்கை வரை ஒட்டிக்கொள்கிறது, தூளாக வரவில்லை என்பதுதான் விஷயமே. வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு, உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு, இந்தத் திசையில் போனால் நார் பிய்யாது, உப்புத்தாளுக்கும் வேலை குறைவு.

குறை இல்லாமல் இல்லை. கம்பெனியில் தீட்டி அனுப்பிய முனை அப்படியே பயன்படாது, முனையின் இரு பக்க விளிம்புகளையும் பின்னால் இழுத்துத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குழிக்குள் எந்திரக் கோடுகள் அப்படியே இருந்தன, அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் விளிம்பு கூராகாது. கைப்பிடி வார்னிஷ் வியர்வையில் வழுக்குகிறது, நம்மூர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது, சுரண்டிவிட்டேன். இன்னொன்று, அளவு. பிரிட்டிஷ் கம்பெனிகள் குழியின் அகலத்தையும் அமெரிக்கக் கம்பெனிகள் கம்பியின் விட்டத்தையும் சொல்வார்கள், அதனால் பிரிட்டிஷ் 3/8 அங்குலமும் அமெரிக்க 1/2 அங்குலமும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆர்டர் போடும் முன் கம்பி விட்டத்தைக் கேளுங்கள்.

விலை மொத்தச் செட்டைவிட அதிகம். ஆனாலும் வாங்கலாம், தீட்டும்போது உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக் இருந்தால் மட்டும். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு, விட்டத்தை அங்குலத்தில் வைத்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வரவேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600-லிருந்து 900. கட்டை கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் கீழே தொடங்குங்கள், முகக் கவசம் போட்டுக்கொண்டு.

பழைய அரத்தைத் தீட்டி ஸ்கிரேப்பராக (சுரண்டும் உளியாக) ஆக்கிக்கொள்ளலாம், காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், அரம் வளையாது, சுழலும் மரத்தில் மாட்டினால் படீரென்று உடைந்து தெறிக்கும்.