பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது: பழைய டீசல் எஞ்சினைப் பட்டறையில் விடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய விவசாய டீசல் எஞ்சின்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறை, முழு ஓவர்ஹாலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, எனக்குப் பெயிண்ட் வேலையை மட்டும் செய்து கொடுத்தது. பணம் போனதுகூட இரண்டாவது விஷயம்தான். பெயிண்டுக்கு அடியில் அவர்கள் ஒரு விரிசலை மறைத்திருந்தார்கள். எஞ்சினை வந்தபடியே ஓட்டியிருந்தால் அது பக்கத்தில் நிற்பவர் உயிரை எடுத்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி வேலை பார்க்கும் இடங்கள் பல உண்டு. பெயரை விட, எங்கே எதை மறைப்பார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

எஞ்சின் லிஸ்டர் சிஎஸ் வகை, 6/1. அதாவது 650 ஆர்பிஎம்மில் 6 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் 1930 வாக்கில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரித்த எஞ்சின் வரிசை இது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 139.7 மி.மீ. மெதுவாக ஓடும், கனமாக இருக்கும், பராமரித்தால் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். என் கைக்கு வந்தபோது துருப்பிடித்து, ஆனால் எதுவும் குறையாமல் முழுசாக இருந்தது. பட்டறைக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பாகத்தையும், அதில் பொறித்திருந்த எண்களையும் நெருக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தவை அந்தப் படங்கள்தான்.

பேசிய வேலை இது: எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கழுவுவது, லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் உறை) மாற்றுவது, பெரிய முனை பேரிங்கை (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) சரி செய்வது, டீசல் பம்பையும் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் சர்வீஸ் செய்வது, கடைசியில் பழைய பச்சை நிறத்தில் பெயிண்ட். எல்லாம் முடிந்ததாகச் சொல்லி எஞ்சின் ஓடும் வீடியோ ஒன்றை அனுப்பினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எஞ்சின் வந்து இறங்கியதும் முதலில் உறுத்தியது போல்ட் தலைகள். முழுக்கப் பிரித்துப் பூட்டிய எஞ்சினில் நட்டும் போல்ட்டும் தனித்தனியாகச் சுத்தமாகியிருக்கும், விளிம்பில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கும். இதில் ஹெட்டைப் (சிலிண்டரின் மேல்மூடி) பிடிக்கும் நட்டுகளின் இடுக்கில் பழைய கரியும் கிரீஸும் அப்படியே கட்டியாக நிற்க, அதன் மேலேயே பெயிண்ட் ஓடியிருந்தது. பெயிண்டைக் கீறிப் பார்த்தால் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் துரு உடையவே இல்லை. ஹெட்டைக் கழற்றவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்க ஹெட்டின் பக்கத்தில் ஒரு கைச்சக்கர வால்வு இருக்கும். குளிரில் ஸ்டார்ட் செய்ய அதை மூடித்தான் கம்ப்ரஷனை ஏற்ற வேண்டும். அதுவும் பழையபடி இறுகிக் கிடந்தது, புதுப் பெயிண்டோடு.

அந்த நிமிடமே, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதில்லை என்று முடிவு செய்து, எனக்குத் தெரிந்த வயதான ஃபிட்டர் ஒருவரைக் கூட்டிவந்து பிரிக்க ஆரம்பித்தோம்.

கிராங்க்கேஸ் கதவைத் திறந்ததும் கியர் ஆயில் வாடை அடித்தது. பேரிங் தட்டும் சத்தத்தை அமுக்க இது பழைய வழி. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் வீடியோவில் சத்தம் கேட்காது. ஆனால் இந்த எஞ்சினில் பெரிய முனைக்கு எண்ணெய் போவது பம்ப் அழுத்தத்தால் அல்ல. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்ன அகப்பை எண்ணெயை அள்ளித் தெறித்துத்தான் போகிறது. கெட்டி எண்ணெய் சரியாகத் தெறிக்காது. சத்தத்தை மறைக்க ஊற்றிய எண்ணெயே பேரிங்கைப் பட்டினி போட்டுத் தேய்க்கும்.

ராடின் மூடியைக் கழற்றினோம். பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லுக்குப் பின்னால் ஒரு தகரத் துண்டு. ஏதோ டப்பாவைக் கத்தரித்து வளைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் டப்பாவின் அச்செழுத்து பாதி தெரிந்தது. மூடியின் இரண்டு முகங்களிலும் அரம் போட்ட கோடுகள் பளிச்சென்று இருந்தன. தேய்ந்த ஒயிட் மெட்டல் (மிருதுவான உலோகக் கலவை) பேரிங்கில் ஆட்டம் அதிகமானால் புது ஷெல் போட வேண்டும், அல்லது ஒயிட் மெட்டல் திரும்ப ஊற்றிக் கடைந்து, நீலம் தடவிப் பார்த்துச் சுரண்டிப் பொருத்த வேண்டும். மூடியை அரம் போட்டு இறுக்கினால் துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவமாகிவிடும். மேலும் கீழும் பிடிக்கும், பக்கவாட்டில் ஆடும். ஒருமுறை அரம் போட்ட மூடியை எளிதில் சரிக்கட்டவும் முடியாது. அதாவது வேலை செய்யாமல் விட்டதோடு நிற்கவில்லை, நன்றாக இருந்த ராடையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான்.

லைனர் கதை சுருக்கமானது. “புது லைனர்” என்று பில்லில் இருந்தது. சிலிண்டரின் மேல்பகுதியில், முதல் ரிங்கு திரும்பும் இடத்துக்கு மேலே, நகம் வைத்தால் தடுக்கும் அளவுக்கு ஒரு விளிம்பு நின்றது. தேய்மானம் அதிகம் விழுவது ரிங்கு திரும்பும் இடத்தில்தான், அதனால் அந்த விளிம்பு வருடக்கணக்கில் ஓடிய லைனரில் மட்டும்தான் வரும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்தோம். போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 முதல் 4 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இடைவெளி என்பது பட்டறைக் கணக்கு. இந்தப் போருக்கு அது 0.35 முதல் 0.45 மி.மீ. வரை வரும். இருந்தது அதைப்போல் பல மடங்கு.

பம்புக்கு வருவோம். டீசல் பம்பின் உள்ளே பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இடைவெளி ஓரிரு மைக்ரான். தலைமுடியின் தடிமனோடு வைத்துப் பார்த்தால் முப்பதில் ஒரு பங்குகூட வராது. வாஷர் எதுவும் இல்லாமல் அந்த நெருக்கமே டீசலைக் கசிய விடாமல் அவ்வளவு அழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளுகிறது. அதனால் நல்ல நிலையில் உள்ள பழைய பம்புக்குச் சேகரிப்பாளர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு. என் எஞ்சினில் இப்போது இருப்பது என் பம்ப் இல்லை. படத்தில் இருந்த எண் வேறு, இதில் இருக்கும் எண் வேறு. பித்தளைப் பெயர்ப்பலகையும் அப்படியே: வந்தது மெல்லிய நகல். ஒரிஜினலில் ஒரு மூலை மடங்கி இருந்தது, படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

இதெல்லாம் திருட்டு, ஏமாற்று. ஆனால் ஃபிளைவீலில், அதாவது எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தில், செய்ததை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஃபிட்டர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார். பெயிண்ட் அடித்த வார்ப்பிரும்பு எதைப் பார்த்தாலும் அதை மேலே இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஃபிளைவீலின் ஆரங்கள் மேல் இழுத்துக்கொண்டே வந்தவர், எஞ்சின் பக்கம் பார்த்த முகத்தில் ஓர் ஆரம் நடுக் குடத்தோடு சேரும் இடத்தில் நின்றார். காந்தம் அங்கே பிடிக்காமல் வழுக்கியது. பிளேடால் சுரண்டினால் பட்டி, பவுடராக உதிர்ந்தது. அதற்கு அடியில் தேய்த்துச் சமன் செய்த வெல்டிங்.

பெயிண்டையும் பட்டியையும் முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மண்ணெண்ணெயை ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் ஈரக் கோடு ஒன்று தானாக எழும்பி வந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே ஊறித் தூளை நனைக்கிறது. ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க ஒரு காலத்தில் இதே முறையில்தான் பார்த்தார்கள். கோடு வெல்டிங்கோடு நிற்கவில்லை. அதைத் தாண்டிக் குடத்துக்குள் இறங்கி, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் ஆப்பான சாவி உட்காரும் பள்ளத்தின் மூலையைத் தொட்டது. சாவியைச் சம்மட்டியால் அளவுக்கு மீறி அடித்து ஏற்றும்போது விரிசல் தொடங்குகிற இடமே அந்த மூலைதான்.

வார்ப்பிரும்பு நசுக்கலை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்காது, ஒரே அடியில் உடையும். சாதாரண இரும்பு ராடில் ஆர்க் வெல்டிங் வைத்தால், வெல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி கண்ணாடித் தன்மையோடு இறுகி, முன்னைவிட மோசமாகிறது. முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட்டு ஒட்டுகிற முறை உண்டு. அது தண்ணீர்த் தொட்டிக்கும் அடித்தளத்துக்கும் சரி. சுழலும் ஃபிளைவீலுக்கு அதுவும் கூடாது. சுமார் 60 செ.மீ. விட்டமுள்ள ஃபிளைவீல் 650 ஆர்பிஎம்மில் ஓடினால், விளிம்பின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். வேகம் இரட்டிப்பானால் ஆரங்களை இழுக்கும் விசை நான்கு மடங்காகும்.

இந்த எஞ்சினில் வேகம் இரட்டிப்பாக வழியும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பூட்டியபடியே பெயிண்டை ஸ்பிரே செய்ததில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக்கிலும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்புகளிலும் பெயிண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ரேக்கை விரலால் தள்ளினால் நகர்ந்தது, ஆனால் தானாகத் திரும்பி வரவில்லை. அது திறந்த நிலையில் மாட்டியிருந்தால் கவர்னர் எவ்வளவு இழுத்தாலும் டீசல் குறையாது. விரிசல் விட்ட ஃபிளைவீலும் மாட்டிக்கொள்ளும் ரேக்கும் ஒரே எஞ்சினில்! அந்த வீடியோவில் ஒரு பையன் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறான்.

பட்டறையிடம் கேட்டேன். பேரிங்குக்கும் லைனருக்கும் வந்த பதில்: “பழைய எஞ்சின்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓடுதில்ல?” பழைய பம்பும் பெயர்ப்பலகையும் எங்கே என்றால், கழிவோடு போய்விட்டதாம். விரிசல் வரும்போதே இருந்தது என்றார்கள். இருக்கட்டும். என் பழைய படத்தில் அந்த இடத்தில் வெறும் துருதான் தெரிகிறது, வெல்டிங் இல்லை, பட்டி இல்லை. இருந்ததைப் பார்த்தவர்கள் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். பட்டி வைத்து மூடியவர்களுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். பெயிண்ட் வேலைக்கு ஆன கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதே வகை எஞ்சின் வைத்திருப்பவர்கள், பட்டறை எதுவாக இருந்தாலும், பெயிண்ட் கடைசி வேலையாக மட்டும் நடக்கும் என்று எழுதி வாங்குங்கள். பிரைமர் விழும் முன் எல்லா வார்ப்புகளையும் வெறும் உலோகமாக நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல ஃபிட்டர் அதற்குச் சந்தோஷப்படுவார், தன் வேலையைக் காட்ட அவருக்கும் ஆசை இருக்கும். தயங்குகிற இடத்தில் எஞ்சினை இறக்க வேண்டாம். கழற்றிய பழைய பாகங்கள், தேய்ந்த ரிங்கு உட்பட, பெட்டியில் உங்களிடம் திரும்பி வர வேண்டும். லைனரின் அளவை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். புதுப்பித்த எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால், போனதும் முதலில் ஹெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டியிருக்கிறார்கள். முழுக்க ஆறும்வரை காத்திருந்து குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வாங்குபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஃபிளைவீலைக் கழற்றித் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். டொக்கென்று அடங்கினால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒலி நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சாக்பீஸ் சோதனையை விட்டுவிடாதீர்கள், குறிப்பாகச் சாவிப் பள்ளத்தின் மூலைகளில்.

அப்புறம், யார் புதுப்பித்த எஞ்சினாக இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ரேக்கை விரலால் தள்ளி, தடங்கல் இல்லாமல் போய்வருகிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, இன்டேக் வாயை முழுசாக மூடக்கூடிய தட்டைப் பலகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கட்டுமீறி வேகமெடுக்கும் எஞ்சின், அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெயையே இழுத்து எரிக்க ஆரம்பித்துவிட்டால் டீசலை மூடிப் பயனில்லை, காற்றைத்தான் மூட வேண்டும். அதைக் கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது. ஃபிளைவீல் சுழலும் தளத்தில், அதாவது அதன் விளிம்புக்கு நேராக, ஒருவரும் நிற்க வேண்டாம். படம் எடுப்பவரையும் அந்தத் தளத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.