ஸ்பிளாஷ்: தெறிப்பதா, தெளிப்பதா, இறைப்பதா?

ஆங்கிலத்தில் நீர் துள்ளிப் பரவுவதைக் குறிக்கும் ஸ்பிளாஷ் என்ற ஒரே சொல் சமாளித்துவிடும் இடங்களுக்குத் தமிழில் நான்கைந்து சொற்கள் வேண்டியிருக்கின்றன. அவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் மொழிபெயர்ப்பவர் தடுமாறுகிறார். தெளி, தெறி, சிதறு, இறை என்று வரிசையாகச் சொற்கள் நினைவுக்கு வரும். ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரக்கூடியவை அல்ல. ஆங்கிலச் சொல் நீரின் ஓசையிலிருந்து பிறந்தது. பிளாஷ் என்ற பழைய சொல்லின் முன்னால் ஓர் ‘ஸ்’ ஒலி சேர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. அதனால் நீரை யார் எறிந்தார், வேண்டுமென்றே எறிந்தாரா, எவ்வளவு எறிந்தார் என்பதையெல்லாம் அது பொருட்படுத்துவதில்லை. தமிழ்ச் சொற்களுக்கோ அவையே முக்கியம்.

தெளியையும் தெறியையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் குழப்பம் மிகுதியாக நேர்வது இங்கேதான். காலையில் வாசல் தெளிப்பவரைப் பாருங்கள்: வாளியிலிருந்து கைநிறைய நீரை அள்ளி, மணிக்கட்டைச் சுண்டி, புழுதி அடங்கவும் மண்ணில் குழி விழாமலும் அதைப் பரவ விடுகிறார். கை அறிந்து செய்வது, துளி சிறியது, சீராக விழுவது; இதுவே தெளித்தல். அதே வாளி கைதவறி விழுந்து, சேற்று நீர் அவர் புடவைக் கரையில் பட்டால் அது தெறித்தல். அங்கே செய்பவர் யாருமில்லை, நீர் தானாகப் பாய்கிறது. ‘பேருந்து எங்கள்மேல் சேற்றைத் தெளித்துச் சென்றது’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது, ஓட்டுநர் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்று வரவேற்றதுபோல் இருந்தது. பேருந்து சேற்றை வாரியடித்துவிட்டுப் போகும். நம் வேட்டியில் சேறு தெறிக்கும்.

முகத்துக்கு நீர் படும் இடத்தில் வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது. மயங்கி விழுந்தவர் முகத்தில் நீர் தெளிக்கிறோம். தூக்கம் கலைய நம் முகத்திலேயே நீரை அடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்பிளாஷ் பொருந்தும். ‘காலையில் எழுந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டான்’ என்று கதையில் எழுதினால், அவனுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்றே வாசகர் நினைப்பார்.

தெறிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அது ஸ்பிளாஷைவிட அகலமான சொல். கடுகு போட்டதும் எண்ணெய் தெறிக்கும், பட்டறையில் தீப்பொறி தெறிக்கும், இறுக்கமான சட்டையில் பொத்தான் தெறிக்கும். ஆங்கிலத்தில் எண்ணெய்க்கு ஸ்பேட்டர் என்ற தனிச்சொல்லைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எனவே தெறிக்கு முன்னால் எது தெறித்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் நீர் தானாகப் பாயும் இடங்களில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது என் கருத்து. சிதறு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அது தேங்காய்க்கும் கண்ணாடிக்கும் உரியது, ஈரம் அதில் ஒட்டுவதில்லை.

இறை என்பது செலவுப் பேச்சில் வந்து நிற்கிறது. பிரித்தானிய வழக்கில் ஸ்பிளாஷ் அவுட் என்றால், ஒருநாள் மனம் வைத்து விலை கூடுதலான ஒன்றை வாங்கிக்கொள்வது. அதில் கொஞ்சம் குதூகலம் இருக்கிறது. ‘பணத்தை வாரி இறைத்தான்’ என்று தமிழில் சொன்னதும் பின்னாலேயே ஒரு பெரியவரின் கண்டிப்பு கேட்கிறது. ‘காசு பார்க்காமல் வாங்கினேன்’ என்பதே நெருங்கி வரும். சமையல் குறிப்பில் ஸ்பிளாஷ் நேர்மாறாகச் சுருங்கி, வினிகர் போன்றவற்றில் கொஞ்சம் என்ற அளவைக் குறிக்கிறது. அதைச் சொட்டு என்று பெயர்த்தால் குழம்பில் புளிப்பே ஏறாது. லேசாக ஊற்றி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஒருவர் அரங்கேறியதுமே பலர் கண்ணில் பட்டுவிடுவதையும் ஆங்கிலம் இதே சொல்லால் சொல்கிறது. நம் செய்தித்தாள்கள் இதற்குப் ‘பரபரப்பை ஏற்படுத்தினார்’ என்ற தொடரையே எடுக்கின்றன. அதில் பாராட்டைவிடக் கைதுச் செய்தியின் வாடைதான் அதிகம். கலக்கினார் என்பது எவ்வளவோ மேல், ஏனென்றால் அதுவும் நீரிலிருந்து வந்த சொல்லே.

மற்ற இடங்களில் தவறான தேர்வு நடையைத்தான் கெடுக்கும். மின்கருவிகளில் அது காசைக் கெடுக்கும். ஒரு கருவிக்குள் நீரும் தூசியும் புகாமல் எவ்வளவு தடுக்கப்படும் என்பதை வகுக்கும் பன்னாட்டுத் தரமான ஐஇசி 60529இன்படி ஐபிஎக்ஸ்4 என்றால், எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் கருவி தாங்கும் என்பதே பொருள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். நான் வாங்கிய ஓர் ஒலிபெருக்கியின் பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்ற குறிக்குப் பக்கத்திலேயே தமிழில் ‘நீர் புகாதது’ என்று அச்சிட்டிருந்தார்கள். வாளியில் விழுந்தது, அதன் பிறகு பாடவில்லை. தெறிப்பு தாங்கும் என்று இரண்டு சொல் போட்டிருந்தால் போதும்.

விண்வெளிச் செய்திகளில், கலம் திரும்பி வந்து கடலைத் தொடும் ஸ்பிளாஷ்டவுன் என்பதற்கு ‘கடலில் விழுந்தது’, ‘கடலில் இறங்கியது’ என்ற இரண்டும் அடிபடுகின்றன. 2007 ஜனவரி 22 அன்று இஸ்ரோவின் மீட்புக்கலம் வங்காள விரிகுடாவுக்கு வந்ததும், 2025 ஜூலை 15 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா வந்த கலம் கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்கு அருகே கடலைத் தொட்டதும் பாராசூட் விரித்த, திட்டமிட்ட இறக்கங்கள். விழுந்தது என்றால் விபத்து. போர் விமானிகளின் பேச்சில் ஸ்பிளாஷ் என்பது எதிரி விமானத்தை வீழ்த்திவிட்டதைக் குறிக்கும்; விழுந்தது என்ற சொல்லை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஓசைக்குச் சமமான சொல்லையே தேடுவோருக்குத் தமிழில் பஞ்சமில்லை. பொய்கையில் கையால் குடைந்தாடும் ஒலிக்குத் திருவெம்பாவையில் முகேர் என்ற சொல் இருக்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர், மருதமரக் கிளையில் ஏறி, கரையில் இருப்பவர்கள் மருள, நீர்த்துளி பிதிரும்படி ஆழ்மடுவில் துடுமெனக் குதித்த இளமையை நினைத்து ஏங்குகிறார். முகேர் வழக்கொழிந்துவிட்டது; துடுமின் இடத்தைத் தொபுக்கடீர் பிடித்துக்கொண்டது. எதுவானாலும் பெரிதாக நீர் எழும்பும் குதிப்புக்கே அவை பொருந்தும். உயரத்திலிருந்து நீரில் பாயும் டைவிங் போட்டியில் கணக்கு தலைகீழ். நீர் எவ்வளவு குறைவாக எழும்புகிறதோ அவ்வளவு நல்லது. 2021இல் டோக்கியோவில் 10 மீட்டர் மேடையிலிருந்து பாய்ந்து 466.20 புள்ளிகளுடன் தங்கம் வென்ற 14 வயது சீன வீராங்கனை குவான் ஹோங்சான் நீருக்குள் போன விதத்தைத் துடும் என்றும் எழுத முடியாது, தொபுக்கடீர் என்றும் எழுத முடியாது.