சம்பாவத் புலியும் ருத்ரபிரயாக் சிறுத்தையும்

சம்பாவத், ருத்ரபிரயாக் இரண்டும் இன்றைய உத்தராகண்டின் மலை ஊர்கள். அவற்றின் பெயரால் அறியப்பட்ட இந்த ஆட்கொல்லி விலங்குகள் இரண்டையும் சுட்டவர் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட். ஆனால் இரண்டும் மனிதனைத் தின்னத் தொடங்கிய காரணம் ஒன்றல்ல.

1907இல் வீழ்ந்த சம்பாவத் பெண்புலிக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்பு வரை. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை. காட்டு இரையை வீழ்த்த முடியாத அதற்கு, காட்டுக்குள் வந்த பெண்கள் எளிதில் அகப்பட்டார்கள். பலி 436 என்பது கணக்கு.

சிறுத்தையின் கதை வேறு. 1918 கொள்ளைநோயில் எரிக்க வழியின்றிப் பள்ளத்தாக்கில் தள்ளிய பிணங்களே அதற்கு அந்த ருசியைப் பழக்கின என்பது கார்பெட்டின் கருத்து. 1926 வரை 125 பேர். புலி பகலில் வேட்டையாடியது. இதுவோ இரவில் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. புலியை நினைத்தால் எனக்குப் பரிதாபம்கூட வருகிறது. சிறுத்தையை நினைத்தால் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறேன்.