மைனரில் பிரேக் ஒயில் கசிகிறதா? கிற் போடுவதா, ஸ்லீவ் அடிப்பதா, புதுச் சிலிண்டரா?

பிரேக்கை முழுதாகக் கழற்றிப் புது றப்பர் போட்டு, காற்றெடுத்து, பெடலும் கல்லுப்போல நின்ற மொரிஸ் மைனர், அடுத்த கிழமையே சில்லின் உட்பக்கத்தில் ஈரம் காட்டும். உடனே கராச்சில் மூன்று கட்சி பிரியும். "இன்னொரு கிற் போட்டுப் பாப்பம் அண்ணை" என்பார் ஒருவர்; கிற் என்றால் சிலிண்டருக்குள் மாற்றிப் போடும் றப்பர்ச் சாமான். பழைய சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ் அடிக்கச் சொல்வார் இன்னொருவர். மூன்றாமவர் பிரேக்கை அழுத்தும் அந்தச் சிலிண்டரையே மாற்றச் சொல்வார். மூன்று பேச்சிலும் நியாயம் உண்டு. உங்கள் காருக்கு எது என்பதைச் சிலிண்டரின் உட்சுவர்தான் சொல்லவேண்டும்.

அதற்கு முதல், கசிவது பிரேக் ஒயில்தானா என்று பாருங்கள். பின்சில்லில் அச்சு ஒயில் சீல் போனாலும் டிரம் நனையும். தொட்ட விரலைத் தண்ணீரில் கழுவினால் பிரேக் ஒயில் கரைந்துவிடும், கியர் ஒயில் வழுவழுவென்று ஒட்டி நிற்கும். சிலிண்டரின் தூசி மறைப்பை விலக்கும்போது உள்ளே ஈரமென்றால் ஒயிலை மறிக்கும் றப்பர்க் கப் விடுகிறது. பைப் வந்து ஏறும் இடம் மட்டும் ஈரமென்றால் சிலிண்டரை விட்டுவிட்டு பைப் முனையையும் செம்பு வாசரையும் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாசரைத் திரும்பப் போடாதீர்கள்.

கிற் போடுவதுதான் மலிவு. உட்சுவர் கண்ணாடியாக இருந்தால் அதுவே போதும். நகத்தால் வருடுங்கள், நகம் எங்கேனும் தடக்கினால் எந்தக் கம்பனியின் கப்பும் அங்கே நிற்காது. வன்னிக் கார்களில் பெரும்பாலும் தடக்கும். இடப்பெயர்வில் விட்டுப்போய் ஆண்டுக்கணக்கில் கொட்டிலிலும் மரத்தடியிலும் நின்றவை அவை. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். அந்த நீர் சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பில் துருக்குழி போடும். பழைய கப் அந்தக் குழிக்குப் பக்கத்தில் எப்படியோ சமாளித்திருக்கும். புது கப், டிரம்மில் உரசும் புது லைனிங் என்று மாறியதும் கப் ஓடும் இடம் கொஞ்சம் நகர்ந்து குழியில் ஏறுகிறது. ரிப்பேர் செய்த பிறகு கசிவு தொடங்குவதன் சூட்சுமம் பலவேளை இதுதான். உரசி உரசிக் குழியை எடுக்கப் போனால் துவாரம் பெருத்துவிடும்.

கிற் தோற்க இன்னொரு காரணம் மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் காரையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எல்லாச் சாமானையும் அதிலே கழுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெயோ பெற்றோலோ பட்ட கப் ஊதிப்போகும். சிலிண்டரை மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் அல்லது புதுப் பிரேக் ஒயிலில் கழுவினால் போதும்.

ஸ்லீவ் என்பது கடைச்சல்காரரின் கைத்திறனைப் பொறுத்த விசயம். சிலிண்டரைக் குடைந்து பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் குழாயை இறுக்கி இறக்குவார்கள். பித்தளையும் ஸ்டெயின்லெஸ்ஸும் இரும்பைப்போலத் துருவேறா. ஆனால் ஒயில் வரும் துளையைத் திரும்பத் துளைத்தபின் அதன் விளிம்பில் பிசிறு நின்றால் கப்பை முதல் நாளே கீறிவிடும். ஸ்லீவுக்குப் பின்னால் ஒயில் புகுந்தாலும் கசியும்.

சில்லுச் சிலிண்டர்களுக்கு என் வாக்கு புதுசுக்கே. மைனரில் முன்சில்லு ஒன்றுக்கு இரண்டு, பின்சில்லுக்கு ஒன்று, ஆக ஆறு. ஆறையும் ஸ்லீவ் அடித்து முடிக்கப் பொறுமையும் காசும் கரைந்துவிடும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி எடுப்பிக்கும்போது முன் டிரம் 7 அங்குலமா 8 அங்குலமா என்று சொல்லிவிடுங்கள். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது அது மாறியது. பைப் நட்டிலும் கவனம் வேண்டும். மைனருடையது அங்குல மரை, கடைகளில் நிறைந்து கிடக்கும் ஜப்பான் வான் சாமான் மில்லிமீற்றர் மரை. ஏறுகிறதே என்று வலிந்து இறுக்கினால் மரை போய்விடும்.

பெடலை மிதிக்க எல்லாச் சில்லுக்கும் ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் வேறு கதை. அது சாரதியின் காலடியில், சசி என்கிற அடிச்சட்டத்துக்குள்ளே இருக்கிறது. அதன் போல்ட்டை இழுக்க முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலைசெய்யும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். ஒயில் ஊற்றும் மூடியும் தரையில்தான், கிறவல் தூசி அப்படியே உள்ளே போகும். வெளியே துளி ஈரமில்லாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினாலும் சந்தேகம் இதன் மேல்தான். இவ்வளவு பாடுபட்டுக் கழற்றியதில் கிற் மட்டும் போட்டுத் திரும்ப ஏற்றுவது வீண். உட்சுவரில் குழி இருந்தால் பழைய உடலுக்கே நல்ல ஸ்லீவ் அடிப்பியுங்கள்.

பிரேக் ஒயில் வகைகளில் டொட் 5 ஈரம் இழுக்காது, பெயின்றையும் தின்னாது. ஆனாலும் நான் டொட் 4க்கே நிற்பேன். டொட் 5 சிலிக்கோன். டொட் 3, 4 உடன் கலக்கக்கூடாது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒயில் குறைந்து நிற்கும்போது வழிக்கடையில் டொட் 5ஐத் தேடி அலைய முடியாது. டொட் 4ஐ இரண்டு வருசத்துக்கு ஒருக்கால், மாரி முடிந்த கையோடு மாற்றுங்கள். கசிவில் நனைந்த லைனிங்கைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடச் சொல்பவரிடம் மட்டும் காரைக் கொடுக்காதீர்கள்.