ஐந்தே நாளில் பரு போய்விட்டதா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

பதின்ம வயதுப் பிள்ளைக்கு முகமெல்லாம் பரு. யாரோ ஒரு கிரீமைக் கைகாட்டுகிறார்கள். மூன்றாம் நாள் சிவப்பு அடங்குகிறது, ஐந்தாம் நாள் முகம் பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சந்தேகப்பட வேண்டியதும் அப்போதுதான். நேர்மையான பரு மருந்து எதுவும் ஐந்து நாளில் முகத்தைத் துடைத்து வைக்காது.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. என்ன கலந்திருக்கிறது என்றே போடாத டப்பா இன்னும் மோசம். ஸ்டீராய்டு வீக்கத்தை மட்டும்தான் அமுக்கும். துவாரத்தை அடைத்திருக்கும் எண்ணெயும் இறந்த செல்லும் உள்ளேயே கிடக்கும். சில வாரம் போனால் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் புதுப் பரு கிளம்பும். தோல் மெலிந்து, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்புக் கோடு ஓடும், பூனைமுடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பொங்கும். பயந்துபோய் மறுபடி அதையே வாங்குவார்கள். விற்றவருக்கு வேறென்ன வேண்டும்?

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் எழுதித் தருவதும் அரைகுறை வைத்தியம்தான். கூடவே கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு இல்லாவிட்டால், பருவில் இருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

நடுத்தரப் பருவுக்கு வழக்கமான அடிப்படை, இரவில் துவாரம் அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் 0.1% ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%. அடாபலீன் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். அடுத்த பரு உருவாகும் இடம் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. கழுவிய முகம் நன்றாகக் காய்ந்தபின் தடவுங்கள். முதல் 2 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். உரிந்தால் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். கர்ப்பமாக இருந்தால் அடாபலீன் கூடாது. (பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும்; வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுங்கள்.)

முதல் மாதம் பரு கூடினமாதிரிகூடத் தெரியும். பலரும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த ஐந்து நாள் கிரீமுக்கு ஓடுவது அப்போதுதான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். வலிக்கும் கட்டியோ தழும்போ வந்தால் மட்டும் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டீராய்டை ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவியிருந்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் சாதாரணப் பரு என்று நினைத்து மருந்து எழுதிவிடுவார்.